மவுண்ட் டயாப்லோ நடை – சனிக்கிழமை

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் 18, சனிக்கிழமை காலை 8:30-க்கு மிட்செல் கேன்யன் வாசலில் கூடுகிறோம். 3,849 அடி உச்சி வரை இந்த முறை போகவில்லை, குழந்தைகள் வருவதால் வழியில் இருக்கும் டியர் ஃபிளாட் என்ற இடம் வரை போதும்.

1. சைக்கிள் கொண்டு வருபவர்கள் அகலமான ஃபயர் ரோட்டில் (தீயணைப்பு வண்டி போகும் மண் பாதை) மட்டும் ஓட்டுங்கள், ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலும் அனுமதி இல்லை.

2. குதிரை வந்தால் எல்லோரும் ஒதுங்கி நில்லுங்கள். போன தடவை நம் பையன் ஒருவன் வளைவில் சத்தமில்லாமல் பின்னால் வந்ததும் குதிரை காதை மடக்கி இரண்டடி துள்ளியது, எனக்கு உயிரே போய்விட்டது. தூரத்திலேயே குரல் கொடுங்கள்.

3. மூன்று மூன்றாக இலை விட்ட செடியைத் தொடாதீர்கள், பாய்சன் ஓக். அரிப்பு வாரக்கணக்கில் போகாது. முழு பேன்ட் போடுங்கள்.

4. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். நாய் வேண்டாம், பாதைகளில் விடமாட்டார்கள்.

எத்தனை பேர், எத்தனை சைக்கிள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள், அப்புறம்தான் யார் எந்தக் காரில் என்று பிரிக்க முடியும்.