'பூக்கல்' முடிந்தது: ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் நிறைந்த உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தரையில் பதிக்கும் பூப்போட்ட கல்லை வார்க்கும் 'பூக்கல்' என்னும் என் முதல் கைபேசி விளையாட்டு சென்ற வாரம் பிளே ஸ்டோரில் வெளிவந்துவிட்டது. காரைக்குடியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இதைத் தொடங்கியபோது எக்செல்லில் கூட்டல் போடுவதற்கு மேல் கணினியில் எனக்கு ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு நிலைகள் கொண்ட சிறிய விளையாட்டுதான், ஆனாலும் முடிந்த விளையாட்டு. அது முடியக் காரணமானவர்களில் பலர் தாங்கள் உதவியதாகவே நினைத்திருக்க மாட்டார்கள் என்பதால், யார் என்ன செய்தார்கள் என்று எழுதி வைக்கவே இம்மடல்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடமிருந்து தொடங்குகிறேன். நான் அவனிடம் கொடுத்தது எண்பது பக்க நோட்டு. கானாடுகாத்தானில் பிறக்கும் ஒரு பையன் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீடு முழுவதும் ஓடியாடி வளர்ந்து, ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, சம்பளச்சிட்டு என்னும் வேலை ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்புவதுவரை அதில் எழுதியிருந்தேன். படித்து முடித்தவன் பாராட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. "அக்கா, விளையாட உட்காருகிறவர் முதல் ஒரு நிமிடம் விரலால் என்ன செய்வார்?" என்று மட்டும் கேட்டான். எண்பது பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. அன்றே விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ என்ற மென்பொருளை என் பழைய மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்தான். 2014 முதல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் காசு கட்ட வேண்டியதில்லை. திரையில் ஒரு சதுரத்தை இடமிருந்து வலமாக நகர்த்த எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன; நான்கு இரவும் அவன் தொலைபேசியில் விடையைச் சொல்லாமல், பிழைச் செய்தியை உரக்கப் படிக்கவைத்துக்கொண்டே இருந்தான். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அதற்குத்தான் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறேன்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் ஆத்தங்குடியில் கிடைத்தது. கதையில் வரும் வீட்டுக்குத் தரையை வரைய வேண்டுமே என்று படம் எடுக்கப் போன என்னை, தரைக்கல் பட்டறை நடத்தும் பெரியவர் ஒரு முழு முற்பகல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிமெண்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்கி, ஈரத்தை இழுக்க உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, அதற்கு மேல் கலவையை நிரப்பி மட்டம் செய்தார். பிறகு அது காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து, மீண்டும் உலர்ந்த பின்புதான் கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கமே கல்லின் முகம். "நாங்க பூவைக் கவுத்துத்தான் போடுறோம், மொகம் கடைசியிலதான் தெரியும்" என்று அவர் சொன்ன இடத்தில் என் நோட்டின் ரங்கூன் கப்பல் கவிழ்ந்தது. எனக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. கொடி வலப்புறம் வளைய வேண்டுமென்றால் இடப்புறம் வளைத்து ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்துக் கல்லைப் புரட்டும்வரை சரியா தவறா என்று தெரியாது. 'பூக்கல்' முழுவதும் இந்த ஒரே செயல்தான். நான் பாழாக்கிய மூன்று கல்லுக்கும் அவர் காசு வாங்கவில்லை. விளையாட்டில் குழம்பு விழும் ஓசையும் அவருடைய கரண்டியிலிருந்து பதிவு செய்ததே.

என் அம்மா சமையல் பார்க்கும் வீட்டின் பெரிய ஆச்சி அவர்கள், பூட்டிக் கிடந்த இரண்டாம் கட்டை எனக்காகத் திறந்துவிட்டார்கள். நான் வரைந்த தரையைக் கைபேசியில் காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "மூலையில கல்லு திரும்பலையேடி, கோடு செவுத்துல போயி முட்டுது" என்றார்கள். ஓரக்கல்லுக்கு மூலைக்கென்று தனிக் கல் உண்டு என்பதை, அந்தத் தரையில் தவழ்ந்து வளர்ந்தும் நான் கவனித்ததில்லை. பதினொன்றாம் நிலை முதல் வரும் மூலைக்கல் ஆச்சியுடையது.

எழுத்து விஷயத்தில் எங்கள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். கணினி 'பெ' என்பதைப் பகரம் முதலாகவும் ஒற்றைக்கொம்பு பின்னாகவும் சேமிக்கிறது. கொம்பை முன்னுக்கு நகர்த்திக் காட்டுவது எழுத்துகளைக் கோத்துத் தரும் நிரலின் வேலை. நான் பயன்படுத்திய கோடோவின் மூன்றாம் வரிசைப் பதிப்பில் அந்த வசதி இல்லாததால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன. ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஐயா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். கோபப்பட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4.0 பதிப்பில் கொம்புகள் தம் இடத்துக்கு வந்தன. அதற்காக என் நிரலில் பாதியைத் திருத்தி எழுத நேர்ந்தது. ஐயாவிடம் இதுவரை சொல்லவில்லை.

இடையில் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் என் மடிக்கணினியின் வட்டைக் கேட்காமலே அழித்துவிட்டார்கள். எட்டு வார வேலை போனது. அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவி, கிட் என்ற கருவியால் அன்றாட வேலையை வெளியிலும் ஒரு படி சேமிக்கக் கற்றுக் கொடுத்தாள். அவளுக்கு நன்றி, அழித்தவர்களுக்கு இல்லை.

இனி அந்தப் பன்னிருவர். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர், பதிவுக் கட்டணமாக 25 டாலர் கட்டினால் மட்டும் பிளே ஸ்டோர் கதவு திறக்காது. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நான் பதினைந்து பேரைச் சேர்த்தேன். ஒன்பதாம் நாளுக்குள் மூவர் விலகிவிட, மிச்சமிருந்தவர்களில் ஒருவர் விலகினாலும் கணக்கு உதைக்கும் என்ற நிலையில் ஐந்து நாள் தூங்காமல் கழித்தேன். எங்கள் கடை முதலாளி, சுமை தூக்கும் அண்ணன்மார் இருவர், புதுவயல் அரிசி ஆலை மேற்பார்வையாளர், தேவகோட்டை அத்தை, என் அம்மா உள்ளிட்ட நீங்கள் பன்னிரண்டு பேரும் நகரவில்லை.

அம்மா விளையாடியபோது பேசாமல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பெங்களூர்த் தம்பியின் கட்டளை. அம்மா விரலை அழுத்தி இழுக்காமல், கோலப்பொடி விடுவதுபோல மேலே தொட்டுத் தொட்டு எடுத்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். இப்போது அப்படித் தொட்டாலும் குழம்பு விழும். திரை மூலையில் ஓடிய கடிகாரம் படபடப்பைத் தருகிறது என்று அத்தை சொன்னதால் அதை எடுத்துவிட்டு, குழம்பு இறுகுவதை நிறம் மங்குவதாகக் காட்டியிருக்கிறேன்.

நன்றித் திரையில் அவரவர் விரும்பியபடியே பெயர் போட்டிருக்கிறேன். ஆச்சி தம் பெயர் வேண்டாம், வீட்டின் விலாசம் மட்டும் போதும் என்றார்கள், அப்படியே செய்திருக்கிறேன். ரங்கூன் நோட்டைத் தம்பி கேட்டும் நான் தரவில்லை.

புதுவயல் அண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பதினேழாம் நிலையில் இரண்டு விரலை ஒருசேர வைத்தால் சிவப்பு பக்கத்து அறைக்குக் கசிவதாக நீங்கள் சொன்னது உண்மைதான். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை திருத்தம் வந்துவிடும்.

பணிவுடன்,
பள்ளத்தூரிலிருந்து,
உங்கள் கணக்குப்பிள்ளை