ஆயுத பூஜைக்கு மறுநாள் எழுதுவது

கடலூர்,
2.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. பாப்பா போன வாரம் வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா. சின்னவனுக்கு முன்பல் விழுந்துடுச்சு. நேத்து ஆயுத பூஜை. ஈ.பி. வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆனாலும் என் பெல்ட்டு, கயிறு, கட்டிங் பிளேயர் எல்லாத்தையும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்டேன். வாசல்ல பூசணிக்காய் நான்தான் உடைச்சேன். நீ இருந்தா நீ உடைச்சிருப்பே.

போன் எடுக்கலைன்னு கோவத்துல எழுதல. வேலை இருக்கும், எனக்குத் தெரியும். "நல்லா இருக்கேன்பா"ன்னு நீ அனுப்புற மெசேஜ் வருது, பாக்குறேன். நாலு மாசமா அதே ரெண்டு வார்த்தைதான் வருது. சரி. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பதினோரு மணிக்குள்ள படுத்துடு.

எழுத வந்த விஷயம் வேற. உன் ஹெலோவீன்காரங்க, அந்த ஜெர்மன் மெட்டல் குழு, புது ஆல்பம் போட்டிருக்காங்க, தெரியுமா? ஆகஸ்ட் 29-ம் தேதி வந்துச்சாம். 'ஜயன்ட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்'னு பேரு, பத்துப் பாட்டு. உனக்குத் தெரியாம இருக்காதுன்னு முதல்ல நெனச்சேன். அப்புறம், தெரியாமலும் இருக்கலாம்னு தோணுச்சு. அந்த நெனப்புதான் என்னை உக்கார வச்சு எழுத வைக்குது.

மஞ்சக்குப்பத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். உன் கூட்டாளி, அதான் இப்போ சவுண்ட் சர்வீஸ் வச்சிருக்கான்ல, அவன் மண்டபத்துல பாக்ஸ் செட் பண்ணிட்டு, ஆள் வர்றதுக்கு முன்னாடி இதைப் போட்டுச் சோதிச்சுக்கிட்டு இருந்தான். அவன் போன்ல அந்தப் பூசணிக்காயைப் பாத்தேன். பேர்ல 'ஓ' எழுத்து வர்ற இடத்துல கண்ணும் மூக்கும் வச்சு இருக்குமே, உன் கறுப்பு பனியன்ல இருந்த அதே பூசணிக்காய். ஆயா கூட, "வாசல்ல கட்ட வேண்டிய திருஷ்டிக் காயை நெஞ்சுல மாட்டிக்கிட்டுத் திரியுறானே"ன்னு சொல்லும். பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவன் என்னைச் சேர்ல உக்கார வச்சு மறுபடியும் முதல்லேர்ந்து போட்டான்.

தம்பி, அந்தக் காலத்துல மாடி ரூம் கதவைத் தட்டித் தட்டி "குறைடா"ன்னு கத்துனேனே தவிர, ஒரு பாட்டைக்கூட உக்காந்து கேட்டதில்ல. இப்பதான் கேக்குறேன். அந்த ரெட்டை டிரம்மை அவங்க உருட்டுற வேகம், திருப்பாதிரிப்புலியூர் தாண்டி கெடிலம் பாலத்து மேல ரயில் போற சத்தம் மாதிரியே இருக்கு. அதுக்கு மேல அந்தப் பாடகர், கிஸ்கே, குரலைக் கொண்டு போய் நிறுத்துற உயரம் இருக்கே, சீர்காழி கோவிந்தராஜன் கோயில் மைக் செட்டுல உச்சத்துல நிப்பாரே, அந்த இடம். அவருக்கு 57 வயசாம். வைகாத்னு ஒருத்தர், ஆரம்பத்துலேர்ந்து இருக்கிறவர், 1962-ல பிறந்தவராம். என் வயசு. என் வயசுக்காரர் நின்னுக்கிட்டு அந்த வேகத்துல கிடார் வாசிக்கிறார்.

அவங்க பாட்டுல வர்ற ஏழு சாவியை வச்சு ஒரு கதை சொல்லுவியே, சாவியை ஒவ்வொண்ணா ஏழு கடல்ல எறியணும்னு. நீ ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறப்போ. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள்ள உசுரு இருக்கிற கதையை ஆயா உனக்குச் சொல்லி வளர்த்துச்சு. நீ அதே கதையைத்தான் வேற எங்கேயோ போய்க் கேட்டிருக்கே. எனக்குத்தான் அது உறைக்கல.

உன் கூட்டாளி சொல்லச் சொல்ல டைரியில குறிச்சுக்கிட்டேன். லாக் புக் எழுதிப் பழகின கை. 1984-ல ஜெர்மனியில ஹாம்பர்க் துறைமுகத்து ஊர்ல நாலு பேர் ஆரம்பிச்சது. கிஸ்கே வந்து சேரும்போது அவருக்குப் பதினெட்டு வயசு. 1987-லயும் 1988-லயும் அந்தச் சாவிக் கதை ரெண்டு பாகமா வந்து உலகம் பூரா பேரு. அந்தப் பேரு வந்த நேரத்துலயே முதல் பாடகர் ஹான்சன் பிரிஞ்சு போய்த் தனியா ஒரு குழு ஆரம்பிச்சுட்டார். 1993-ல கிஸ்கேயை அனுப்பிட்டாங்க. கிஸ்கேயும் வைகாத்தும் இருபது வருஷம் முகம் குடுத்துப் பேசல. கடைசியில ஏதோ ஒரு இசை விழாவுல மேடைக்குப் பின்னால, பெரியவரான வைகாத்தே போய்ப் பேசினாராம். 2017-ல பிரிஞ்ச ரெண்டு பேரும் திரும்பி வந்து மேடை ஏறிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? நடுவுல 1994-லேர்ந்து பாடி அந்தக் குழுவைக் காப்பாத்தின டெரிஸை அவங்க எழுப்பி அனுப்பல. பந்தியில இன்னும் ரெண்டு இலை போட்ட மாதிரி, ஏழு பேரா ஆயிட்டாங்க. மூணு பேர் பாடுறாங்க, மூணு பேர் கிடார் வாசிக்கிறாங்க. ஏழு பேரா ஆனப்புறம் 2021-ல முதல் ஆல்பம், ஜெர்மனியில முதல் இடத்துக்கு வந்துச்சாம். இது ரெண்டாவது.

அந்தப் பெரியவர் தானா போய்ப் பேசினதை நான் ரெண்டு மூணு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுறியா? ராத்திரி தூங்குறியா?

இதுக்கு நடுவுல இன்னொரு விஷயமும் அவன் சொன்னான். சொல்லாம இருந்திருக்கலாம். அந்த நாலு பேர்ல டிரம் வாசிச்ச பையன், இங்கோன்னு பேரு. நல்லா சிரிச்ச முகமா இருக்கான் போட்டோவுல. அவனுக்கு மனசுக்கு முடியாமப் போச்சு. மருந்து மாத்திரை இருந்துச்சு, அவன் ஒழுங்கா எடுத்துக்கல. குடியும் சேர்ந்துக்கிச்சு. கச்சேரிக்கு நடுவுலயே அவனால முடியாமப் போக ஆரம்பிச்சு, 1993-ல குழுவுலேர்ந்து வெளிய அனுப்பிட்டாங்க. 1995 மார்ச்ல போயிட்டான். 29 வயசு. போன விதத்தை எழுத எனக்குக் கை வரல. நீ பிறந்த வருஷம் அது.

அதைக் கேட்டதுலேர்ந்து சோறு இறங்கல எனக்கு.

யாரும் எங்ககிட்ட எதுவும் சொல்லலைன்னு எழுதத்தான் நெனச்சேன். பொய் எழுத வேணாம். உன் கூடத் தங்கியிருக்கிற பையன் அம்மாவுக்குப் போன் பண்ணினான். அவனைக் கோச்சுக்காதே. அவங்க அம்மா நல்லா வளத்திருக்காங்க. நீ ஆபீஸ் போறதில்ல, ஜன்னல் ஸ்கிரீனைத் திறக்கிறதில்ல, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்குன்னு சொன்னான். அந்த டாக்டர் எந்த டாக்டர்னுகூட எங்களுக்குத் தெரியல. எப்போலேர்ந்து போறேன்னும் தெரியல. பெத்தவங்ககிட்டச் சொல்லாத அளவுக்கு நாங்க என்ன பண்ணிட்டோம்னு அம்மா அழுதா. எனக்கும் அப்படிக் கேக்கணும்னு இருந்துச்சு. ஆனா நான் என்ன பண்ணேன்னு எனக்குத் தெரியும்.

கரண்டை நிறுத்தி வேலை பாக்க லைன் கிளியர் வாங்கியாச்சு, சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணியாச்சுன்னு சொன்னாலும், கம்பத்துல ஏறினவன் கரண்டை மண்ணுக்கு இறக்குற எர்த் ராடை மாட்டாம கம்பியைத் தொட மாட்டான். யாரு வீட்டு ஜெனரேட்டர்லேர்ந்தாவது கரண்டு திரும்பி வந்தா ஆளே போயிடுவான். 34 வருஷம் சின்னப் பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தேன். உன்னோட "நல்லா இருக்கேன்பா"வை மட்டும் அப்படியே எடுத்துக்கிட்டேன்.

இப்ப நான் சொல்லப் போறதைப் பொறுமையாப் படி. 2021-ல வந்த அந்த ஆல்பத்தை ரெக்கார்ட் பண்றப்போ, செத்துப்போன அந்தப் பையனோட டிரம் செட்டையே கொண்டாந்து வச்சுத்தான் இப்ப இருக்கிறவர் வாசிச்சாராம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அது இருந்திருக்கு பாரு. நான் உன் கிடாரை வச்சிருக்கல.

தானே புயல். 2011 டிசம்பர் 30. மாடி ரூம் ஷீட்டு பறந்து கிடார் நனைஞ்சுடுச்சு. நான் வீட்டுக்கே வரல, மாவட்டம் பூரா கம்பம் சாய்ஞ்சு கிடக்கு, ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருந்தேன். பொங்கல் கழிச்சு நானே அதைப் பாண்டிக்கு ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து, மரம் ஊறி உப்பிடுச்சு, பசை விட்டுடுச்சு, இனிமே ஆகாதுன்னு சொல்லிட்டாருன்னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசல. கையைப் பின்னால கட்டிக்கிட்டு மாடி ஏறிப் போயிட்டே.

அவர் அப்படிச் சொல்லல, தம்பி. தூக்கிப் பாத்து, தட்டிப் பாத்து, தந்தி மாத்தி, அடியில பேந்திருக்கிறதை ஒட்டினா போதும், 900 ரூபாய், ஒரு வாரத்துல வாங்கிக்கோங்கன்னார். நான் சரின்னு சொல்லிட்டு, குடுக்காம எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய சாமான் விரிச்சிருந்த ஒருத்தர்கிட்ட 700 ரூபாய்க்குக் குடுத்துட்டேன். நீ முந்தின ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனப் பொட்டு அது தலையில காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு. அந்த ஆள் கட்டைவிரல் நகத்தால அதைச் சுரண்டினார். நான் பாத்துக்கிட்டு நின்னேன். ஆயா கம்மலை அடகு வச்சு வாங்கிக் குடுத்தது அது.

பிளஸ் டூ வருது, படிப்பு கெட்டுடும்னு நெனச்சது பாதிதான். மீதி உன் சித்தப்பா. ராத்திரியில இருட்டுல நீ உக்காந்து ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறப்போ, எனக்கு அவன் கூத்து முடிஞ்சு வந்தும் ஆர்மோனியத்தை விடாம விடிய விடிய வாசிச்சதுதான் ஞாபகம் வரும். பாட்டுதான் அவன் புத்தியைக் கொண்டு போச்சுன்னு நான் நம்பினேன். குணசீலம் கோயில்ல 48 நாள் வச்சிருந்து கூட்டிட்டு வந்தோம், ஆஸ்பத்திரி மாத்திரையும் குடுத்தாங்க. ஆள் தெளிஞ்சுட்டான். நடவு நேரம். மாத்திரை போட்டா தூங்கித் தூங்கி விழுறான், இனிமே எதுக்குன்னு நிறுத்தச் சொன்னது ஆயா இல்ல. ஊர்ல எல்லாரும் ஆயான்னு சொல்லுவாங்க, அதுவும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துடுச்சு. நிறுத்தச் சொன்னது நான்தான். அந்தக் கிணத்தை இப்போ மூடிட்டாங்க.

ஒரு தடவை மாத்திரையை நிறுத்தித் தப்பு பண்ணேன், அடுத்த தடவை பாட்டை நிறுத்தித் தப்பு பண்ணேன். நீ பாட்டை விட்டு பதிமூணு வருஷம் ஆச்சு. பாட்டால வந்திருந்தா உனக்கு இது வந்திருக்கக் கூடாது இல்லையா? சத்தமே இல்லாத ரூம்லதானே உனக்கு வந்திருக்கு.

அட்டையைப் பிரி. போடு. தூக்கம் வந்தா தூங்கு, ஆபீஸ் கிடக்குது. ஒத்துக்கலைன்னா நீயா நிறுத்தாம அந்த டாக்டர்கிட்டயே போய்ச் சொல்லு, மாத்திக் குடுப்பார். செலவைப் பத்தி நினைக்காதே. என் பென்ஷன் எதுக்கு வருது? வேலையை விட்டுட்டு வந்தாலும் மாடி ரூம் இருக்கு, இப்போ கான்கிரீட் போட்டாச்சு, ஒழுகாது. நீ முதல் சம்பளத்துல அம்மாவுக்கு வாங்கிக் குடுத்த மிக்சிதான் இன்னும் ஓடுது. ஆபீஸ்ல இருந்த நாள்ல உன்னைப் பத்திச் சொல்லாத ஆள் பாக்கியில்ல. அதுல ஒண்ணும் குறைஞ்சுடல.

சனிக்கிழமை ராத்திரி பஸ்சுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். அம்மா கருவாட்டுத் தொக்கும் இட்லிப் பொடியும் கட்டிக் குடுக்குறா. நான் வந்து எதுவும் கேக்க மாட்டேன். உனக்குப் பேச வேணாம்னா பேச வேணாம். அந்த ஆல்பத்தை உன் கூட்டாளி என் போன்ல ஏத்திக் குடுத்திருக்கான். எனக்கு நடுவுல வர்ற மெதுவான பாட்டு பிடிச்சிருக்கு, டோக்கியோ பேரு வர்றதும் பிடிச்சிருக்கு. மத்தது எதுல யாரு பாடுறா, எது யாரோட கிடார்னு எனக்குப் பிரிச்சுக் கேக்கத் தெரியல. நீ சொல்லணும்.

இன்னொண்ணு. போன மூணு ஞாயித்துக்கிழமையா சண்டே மார்க்கெட் போயிட்டு வரேன். அது கிடைக்காதுன்னு தெரியும், இருந்தாலும் மனசு கேக்கல. போன வாரம் ஒருத்தர்கிட்ட வேற ஒண்ணு இருந்துச்சு, கறுப்பு. தூக்கிப் பாத்தேன், கழுத்து கொஞ்சம் வளைஞ்ச மாதிரி பட்டுச்சு, வாங்காம வந்துட்டேன். கம்பம் சாய்வு பாக்கத் தெரியும் எனக்கு, கிடார் கழுத்து பாக்கத் தெரியல. எப்படிப் பிடிச்சு, எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கணும்னு ரெண்டு வரி மெசேஜ் போடு.

அப்பா