பம்பாய்ப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

லெட் செப்பலின் ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் அவர்களுக்கும், அந்தக் குழுவின் ஒலிநாடாக்களைக் காத்துவரும் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

பம்பாயில் நீங்கள் பதிவு செய்த ஒரு டேப்பில் வாசித்த கலைஞர்களின் பெயர்களைக் கேட்டு இதை எழுதுகிறேன். முதலில் நன்றி. 2014, 2015 இரண்டு வருடங்களில் குழுவின் எல்லா ஸ்டூடியோ ஆல்பங்களையும் நீங்கள் மறுபடி வெளியிட்டீர்கள். பெரும்பாலானவற்றோடு ஒதுக்கி வைத்த பதிவுகள், அரைகுறை மிக்ஸ்கள், வேறு டேக்குகள் (ஒரே பாட்டை மறுபடி வாசித்து எடுத்தவை) அடங்கிய வட்டும் சேர்த்துத் தந்தீர்கள். 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டுக்கு ஜான் போனம் வாசித்த டிரம்ஸ் ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் பதிவானது என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதே பாட்டு இன்னும் சரியாக உருவாகாத நிலையில், 'இஃப் இட் கீப்ஸ் ஆன் ரெய்னிங்' என்ற பெயரில் உங்கள் வட்டில் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அந்தக் கூடம் பாட்டுக்கு என்ன கொடுத்தது என்று எனக்குப் புரிந்தது. ஒதுக்கிய பதிவுகளை ஏன் கேட்க வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2015 ஜூலையில் வந்த 'கோடா' ஆல்பத்தின் விரிவுப் பதிப்பில் 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஹேண்ட்ஸ்' என்று இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. 1972-இல் நீங்களும் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்டும் பம்பாய் வந்திருந்தபோது அந்த ஊர்க் கலைஞர்களை வைத்து ஸ்டூடியோவில் பதிவு செய்தவை. நாற்பது வருடங்களுக்கு மேலாகத் திருட்டுப் பதிவாகத் தேய்ந்த ஒலியில் கைமாறிக்கொண்டிருந்தவை, முதல் முறையாகத் துலக்கமாக வந்தன. அன்று ஹெட்போனைக் கழற்ற மனமே வரவில்லை.

'ஃபோர் ஹேண்ட்ஸ்' என்பது குழுவின் 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டின் பம்பாய் வடிவம். அது லேசான பாட்டு இல்லை. தாளம் ஐந்துக்கும் ஆறுக்கும் மாறி மாறிப் போகும். ஐந்து வரும் இடத்தைக் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது கண்ட நடை என்று உடனே பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பதிவு செய்தபோது போனம் கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார், பாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பம்பாயில் அந்த இடத்தில் கைகள். தலைப்பில் குச்சி போய்க் கை வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ராக் குழு ஒன்றின் முரட்டுத் தாளத்தை ஒரே அமர்வில் உள்வாங்கி, தங்கள் வாத்தியத்தின் பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள் அந்தக் கலைஞர்கள். எந்தப் பதற்றமும் தெரியவில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' பாட்டில் பிளாண்டின் குரலுக்குக் கீழே ஓடும் தாளத்தைக் கேட்டால், பாட்டு இந்த ஊருக்காகவே காத்திருந்தது போல இருக்கிறது.

வாசித்தது யார் என்று தேடினேன். 'பம்பாய் ஆர்கெஸ்ட்ரா' என்று இரண்டு சொல் கிடைத்தது.

தபலாவில் இருந்தது யார்? வில் போட்டு இழுத்தது யார்? எத்தனை பேர்? எந்தத் தேதி? ரசிகர்கள் எழுதியதைப் படித்தால் மார்ச் என்கிறார்கள் சிலர், அக்டோபர் என்கிறார்கள் சிலர். 'பம்பாய் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா' என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்பவருக்குத் தெரியும், அது சிம்ஃபனிக் குழு இல்லை. பெட்டியில் சரியாக எழுதி வைக்காததை ஊர் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறது.

இந்தப் பதிவோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரே பெயர் விஜய் ராகவ் ராவ். சிதார் கலைஞர் ரவிசங்கர் மூலமாக உங்களுக்கு அறிமுகமாகி, கலைஞர்களைத் திரட்டித் தந்தவர் அவர் என்கிறார்கள். சென்னையில் பிறந்தவர். நடனம் கற்றவர், ரவிசங்கரின் சீடர், புல்லாங்குழல் மேதை. 1969-இல் வந்த 'புவன் ஷோம்' படத்துக்கு இசையமைத்தவர். அப்படிப்பட்ட மனிதர் 2011-இல் காலமானார். நீங்கள் அந்த வட்டை வெளியிட்டது அதற்கு நான்கு வருடங்கள் கழித்து. கூட வாசித்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தாத்தா லெட் செப்பலினோடு வாசித்தார் என்பதே தெரியாத பேரப்பிள்ளைகள் மும்பையில் இன்று இருக்கலாம்.

பேஜ் அவர்களே, இதை உங்களிடம் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. குழு தொடங்குவதற்கு முன்னால் லண்டன் ஸ்டூடியோக்களில் கூலிக்கு கிதார் வாசித்தவர் நீங்கள். காலையில் ஒரு பாட்டு, மத்தியானம் இன்னொரு பாட்டு என்று ஓடிய நாட்கள். 1964-இல் ஷெர்லி பாஸி பாடிய 'கோல்ட்ஃபிங்கர்' பதிவில் இருந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த இசைத்தட்டின் லேபிளில் உங்கள் பெயர் இல்லை. உங்கள் குழுவின் ஜான் பால் ஜோன்ஸும் அதே வழியில் வந்தவர்தான். இன்றைக்கு ரசிகர்களும் ஆய்வாளர்களும் பழைய தட்டுகளை உட்கார்ந்து கேட்டு, இது பேஜின் கை, இது இல்லை என்று பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். பெயர் இல்லாமல் வாசித்தவருக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994-இல் நீங்களும் பிளாண்டும் 'நோ குவார்ட்டர்' ஆல்பத்துக்காக இதே இரண்டு பாட்டுகளையும் மறுபடி எடுத்தீர்கள். அப்போது உடன் வாசித்தது எகிப்தியக் குழு. ஹொசாம் ராம்ஸி தொடங்கி அந்தக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டீர்கள். மனம் நிறைந்தது. ராம்ஸியின் பெயரைத் தெரிந்துகொண்டு அவருடைய மற்ற ஆல்பங்களைத் தேடிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அதே பாட்டுகளை 22 வருடங்கள் முன்னால் வாசித்தவர்களுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

டேப் பெட்டியின் மேல் எழுதுவது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் குழுவின் வரலாற்றிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. 1968-இல் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவான 'பேபி கம் ஆன் ஹோம்' டேப் வெகுகாலம் காணாமல் போயிருந்தது. 1991-இல் அந்த ஸ்டூடியோ வாசலில் குப்பைத் தொட்டியில் கிடைத்தது என்று சொல்வார்கள். பெட்டியின் மேல் இருந்த பெயர் யார்ட்பேர்ட்ஸ், அதாவது உங்கள் பழைய குழு. 1982-இல் வந்த முதல் 'கோடா'வில் 'வி ஆர் கான்னா க்ரூவ்' 1969 ஜூனில் மார்கன் ஸ்டூடியோவில் எடுத்தது என்று போட்டிருந்தது. உண்மையில் அது 1970 ஜனவரி 9 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் மேடையில் வாசித்தது. கூட்டத்தின் சத்தத்தை நீக்கி, மேலே கிதார் சேர்த்திருந்தீர்கள். உங்கள் பிறந்தநாள் கச்சேரி அது! அப்புறம் 1969-இல் பி.பி.சி.க்காக வாசித்த 'சன்ஷைன் உமன்'. நிலையத்தில் டேப் இல்லாமல் போய், வானொலியில் வந்தபோது ரசிகர் ஒருவர் பதிந்து வைத்திருந்ததால் 2016-இல் அதை வெளியிட முடிந்தது.

அட்லாண்டிக் நிறுவனத்தாருக்கும் ஒரு வார்த்தை. 1978 பிப்ரவரியில் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் இருந்த உங்கள் கிடங்கு எரிந்து 5,000-க்கும் மேற்பட்ட டேப்புகள் போயின. பிரபலமான மாஸ்டர் டேப்புகள், அதாவது மூலப் பதிவுகள், நியூயார்க்கில் இருந்ததால் தப்பின. எரிந்ததில் பெரும்பகுதி வெளிவராத பாட்டுகள், மாற்று டேக்குகள், ஒத்திகைகள். ஒதுக்கியவற்றை ஒதுக்குப்புறத்தில் வைத்ததன் விலை அது. டேப்புக்கு நடந்தது பெயர்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. பெயர்கள் இருப்பது கிடங்கில் இல்லை, வயதானவர்களின் ஞாபகத்தில்.

பம்பாய் டேப்பின் பெட்டியை ஒரு தடவை வெளியே எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வெளியிடுங்கள். அதில் தேதி இருக்கலாம், ஒலிப்பதிவாளரின் கையெழுத்து இருக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால் மும்பைத் திரையிசைக் கலைஞர்களின் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள். அந்நாளில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஓடி வாசித்த பெரியவர்களுக்கு யார் யாரை அழைத்துப் போனார்கள் என்பது நன்றாக நினைவிருக்கும். கூலி கொடுத்த ரசீது உங்கள் பழைய கணக்குகளில் இருந்தால் அதையும் பாருங்கள். இத்தகைய வேலையில் பெயர் கடைசியாக மிஞ்சும் இடம் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து, அந்த அமர்வை முழுசாக வெளியிடுங்கள். தாளத்தை எண்ணிக் காட்டியது, தப்பாக எடுத்து நிறுத்தியது, இடையில் பேசியது, டேப்பில் எது இருந்தாலும் எங்களுக்கு வேண்டும். 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' பாட்டில் போனமின் பெடல் கீச்சிடுவது இன்றுவரை கேட்கிறது. அந்தக் கீச்சொலி வரும்போதெல்லாம் ஒரு மனிதர் காலை அழுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது. பம்பாய்க் கலைஞர்களையும் அதேபோல மனிதர்களாகக் கேட்க ஆசைப்படுகிறோம். தயவுசெய்து மெருகேற்ற வேண்டாம். புதிதாக கிதார் சேர்க்கவும் வேண்டாம்.

பெயர்கள் கிடைத்ததும் 'கோடா'வின் அடுத்த அச்சுக்காகக் காத்திருக்காமல், இணையத்தில் இருக்கும் இசைச் சேவைகளில் அந்த இரண்டு பாட்டுகளுக்கும் உடனே சேர்த்துவிடுங்கள். விஜய் ராகவ் ராவுக்கு அதில் பங்கு உண்டு என்றால் அவர் பெயரை முதலில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்