‘ஏற்றுக்கொள், முடிஞ்சிடும்’ என்று சொல்வதற்கு முன்

வன்னிக் கிராமங்களின் அபிவிருத்திச் சங்கத் தலைவர்களுக்கும் மாதர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சங்கத்துக்கு ஆறு வருடம் செயலாளராக இருந்தவன் நான். அந்த நாளில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கிணற்றடிக் கொட்டிலின் பின்பக்கத் தகரத்தை இரவில் நெம்பி, தண்ணீர் இறைக்கிற மெசினைத் தூக்கிவிட்டார்கள். இரண்டு பொடியன்கள். ஒருவன் உள்ளே போனான், மற்றவன் ஒழுங்கையில் காவல் நின்றான். மெசின் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் அகப்பட்டது. மெசின்காரரின் மிளகாய்க் கன்றுகள் ஒரு கிழமையில் வாடிப்போயின. அவருடைய கோபம் முழுக்க நியாயம்.

உள்ளே போனவனை மரத்தில் கட்டி அடிக்கப் போனார்கள். தடுத்தோம். ஆனால் வழக்குத் திகதியன்று காலை, அழுதுகொண்டு நின்ற தாயிடம் ‘குற்றத்தை ஏற்கச் சொல்லுங்கோ அக்கா, தண்டப் பணத்தோட முடிஞ்சிடும்’ என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

முடியவில்லை. ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது, அதாவது தீர்ப்பு உண்டு, ஆனால் உடனே சிறைக்குப் போக வேண்டியதில்லை. பொடியன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று ஆறுதல்பட்டோம். இரண்டு வருடத்துக்குப் பிறகு கட்டாருக்குப் போகப் பொலிஸ் நற்சான்று எடுக்கப் போனபோது அந்தத் தீர்ப்பு முன்னுக்கு வந்து நின்றது. பயணமும் நின்றது.

அன்று எங்களுக்குத் தெரியாததை இன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இலங்கையின் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் களவு வேறு, வீடுடைப்பு வேறு. உடைப்பு என்றால் பூட்டை நொறுக்குவது மட்டும் இல்லை. ஆள் போகிற வழியல்லாத இடத்தால் நுழைந்தாலும், தகரத்தை நெம்பி வழி உண்டாக்கினாலும் வீடுடைப்புத்தான். சாமான் வைக்கிற கட்டடமும் இந்தச் சட்டத்துக்கு வீடுதான். உடம்பு முழுக்க உள்ளே போக வேண்டியதில்லை, கை நுழைந்தாலே போதும். பொழுது பட்டதற்கும் விடிவதற்கும் இடையில் நடந்தால் தண்டனை இன்னும் கூடும். சேர்ந்து திட்டம் போட்டிருந்தால் ஒழுங்கையில் நின்றவனும் தப்ப மாட்டான். களவுச் சாமான் என்று தெரிந்து வாங்கியவருக்குத் தனிக் குற்றம்.

நாங்கள் பெரிய பிழை விட்டது ‘ஏற்றுக்கொள்’ என்ற சொல்லில். பொலிஸில் ஏற்பது ஒன்று, நீதவான் முன் ஏற்பது இன்னொன்று. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் ஒருவன் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவன் சொல்லிக் கண்டெடுத்த சாமான் பற்றிய பகுதி மட்டும் வரலாம். கூண்டில் நின்று ‘குற்றவாளி’ என்று சொன்னால் அதோடு தீர்ப்பு. அதன் பிறகு சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒத்திவைத்த காலத்துக்குள் இன்னொரு குற்றம் செய்தால் பழைய சிறையும் சேர்ந்து வரும்.

குற்றம் செய்தவனைத் தப்ப வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் செய்தான், எனக்குத் தெரியும். ஆனால் ஏற்பதா இல்லையா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு அவனே முடிவெடுத்திருக்க வேண்டும். காசில்லாத குடும்பத்துக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அந்தத் தாயை அங்கே கூட்டிக்கொண்டு போக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விளக்கமறியல், அதாவது வழக்கு முடியும் முன்பே மறியலில் வைப்பது, என்றால் பதினான்கு நாளுக்கொருமுறை திகதி மாறும், அந்தப் பயத்தில்தான் குடும்பங்கள் எதையும் ஏற்கின்றன. பிணை கொடுப்பதே வழமை, மறுப்பது விதிவிலக்கு என்று 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் சொல்வதையாவது அவர்களுக்குச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தமிழில் எழுதித் தரும்படி கேட்க வடக்கில் எங்களுக்கு உரிமை இருக்கிறது.

பொருளைப் பறிகொடுத்தவருக்கும் உங்கள் உதவி வேண்டும். மெசின் சான்றுப்பொருளாக நீதிமன்றத்தில் கிடந்த நாளெல்லாம் அவர் அயலில் இரவல் வாங்கித்தான் தண்ணீர் இறைத்தார். வழக்கு முடியும் முன்பே அதை விடுவிக்கும்படி நீதவானிடம் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கிய பற்றுச்சீட்டும் மெசின் இலக்கமும் கையில் இருந்தால் தன்னுடையது என்று காட்டுவது சுகம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, உங்கள் பக்கத்துச் சட்டத்தரணி ஒருவரைக் கூப்பிட்டு இதைப் பேச வையுங்கள். பொடியன்களையும் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர் ஒருவர்