கோடியக்கரையில் நடக்க வருவோருக்கு

ஐயா,

1967 முதல் சரணாலயமாக உள்ள கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க வருவோர், காட்டுக்குள்ளும் சற்று நடந்து பார்க்க வேண்டும். ஏற்றமே கிடையாது; இராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் இங்கே உயரமான இடம். முதியவர்களும் தாராளமாக நடக்கலாம். கோடியக்காடு வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்று, வெயில் ஏறுமுன் பாலை மர நிழலில் தொடங்குவது நல்லது. ரப்பர் செருப்பு வேண்டாம், கருவேல முள் துளைத்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

பலர் ஏமாறுவது சதுப்பு ஓரத்தில்தான். மேலே உப்புப் பொருக்கு காய்ந்து கெட்டித் தரைபோலத் தெரியும். அடியில் களி ஈரமாகவே இருக்கும், கால் சட்டென்று இறங்கிவிடும். அதனால் தடத்தை விட்டு விலகாதீர்கள். கடற்கரையில் அலை நனைத்த மணலில் நடங்கள். உலர்மணலில் கால் புதைந்து கெண்டைக்கால் விரைவில் வலிக்கும். வெளிமான் தலை தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் ஓரடி வைத்தாலும் கூட்டமே ஓடிவிடும்.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்த இடம் இது. ஒவ்வொரு பாதையின் தூரத்தையும், ஐப்பசி மழைக்குப்பின் எது சேறாகும் என்பதையும் எழுதிய தமிழ்ப் பலகை ஒன்றைச் சாவடியிலேயே வனத்துறை வைக்க வேண்டும்.

வாசகர்,
வேதாரண்யம்