ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால் தொடர்பான மனுக்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது. இழுத்துக்கொண்டே போவது குப்பைப் பிரச்சினை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரலில் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்பது அப்போதே சட்டம். அதே ஆண்டு அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது. விதி என்ன ஆச்சு என்று யாரைப் போய்க் கேட்பது? இப்போது கேட்க ஆள் இருக்கிறார். வேலை நடக்கிறதா என்பது வேறு கதை.

நம் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும் மக்காததற்கு நீலத் தொட்டியும் இருக்கின்றன. தூய்மைப் பணியாளர் பிரித்தேதான் வாங்குகிறார். தெருமுனையில் நிற்கும், குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். படம் எடுத்து மனுவோடு கொடுத்தோம். "இருக்கிறதே ஒரு லாரி சார், என்ன பண்றது" என்றார் அதிகாரி. மனு ரசீது கோப்பில் இருக்கிறது. இப்படிக் கலந்து போனவைதான் மாநகராட்சியின் பெருங்குடி குப்பைக் கிடங்கில் மலையாகக் குவிந்து, 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தன. அந்த மலையைத் தோண்டிச் சலித்து, பயோமைனிங் என்ற முறையில் பிரித்தெடுப்பது நம் வரிப்பணத்தில்தான். வீட்டில் சும்மா பிரித்ததைக் கலக்கவிட்டு, பிறகு காசு கொடுத்துப் பிரிக்கிறோம்!

பிளாஸ்டிக் தடையும் அப்படித்தான். 2019 ஜனவரி 1 முதல் அமலான அந்தத் தடை விற்பனைக்கு மட்டுமல்ல, உற்பத்திக்கும் சேர்த்துத்தான். ஆனால் நம் மார்க்கெட்டில் அபராதம் கட்டுவது காய்கறிக்கார அம்மா. சோதனை வரும் வாரம் கேரி பேக் கல்லாவுக்கு அடியில் போகும், அப்புறம் மேலே வந்துவிடும். பை எங்கே தயாராகிறது என்று அந்த அம்மாவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கமும் சுத்தமில்லை. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே உரமாக்க வேண்டும் என்றது அதே 2016 விதி. நம் பகுதியின் பெரிய வளாகத்தில் உரத்தொட்டி வைக்கப் போனபோது, நாற்றம் வரும் என்று தடுத்தவர்கள் நம் உறுப்பினர்களே.

மக்காத குப்பைக்கு வாரம் ஒரு நாள் தனி லாரி கேட்டு ஒரு தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. மன்றத்தின் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. மறுபடி ஆளில்லாத காலம் வந்துவிடாது என்று சொல்ல முடியாது. அதற்குள் பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்