நீலகிரி வெள்ளி நகைக் கடைக்காரர்களுக்கு: நகையில் உள்ளதை அட்டையில் எழுதுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் வெள்ளி நகை விற்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வெள்ளி வேலை செய்கிறவள் நான். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. "இந்த மலையிலேயே கையால் செய்தது" என்று சொல்லி விற்கும் ஒவ்வொரு நகையோடும் ஒரு சின்ன அட்டை வையுங்கள். என்ன உலோகம், அதில் வெள்ளி எத்தனை சதவீதம், கைவேலையா அச்சில் ஊற்றிய வார்ப்பா, எந்த ஊரில் செய்தது. இவ்வளவு எழுதினால் போதும்.

ஏன் இதைப் பொதுவில் எழுதுகிறேன் என்றால், போன சீசனில் ஓர் அம்மா அறுந்த வளையத்தை ஒட்டித்தரச் சொல்லி ஒரு டாலரைக் கொண்டுவந்தார். இங்கே ஒரு கடையில் சுத்த வெள்ளி, மலைவாசிகள் கையால் செய்தது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அரத்தை ஓர் இழுப்பு இழுத்ததும் பூச்சுக்குக் கீழே பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வெள்ளி விலை ஏற ஏற இந்த மாதிரிச் சரக்கு அதிகமாகிறது. ஜெர்மன் சில்வரும் அப்படித்தான், பெயரில் மட்டும்தான் சில்வர் இருக்கிறது. உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காதும் கழுத்தும் அரித்துப் புண்ணாகிவிடும்.

அந்த டாலரில் இருந்த மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரான உச்சி, அதன்மேல் பனித்தொப்பி, அடியில் மூன்று பைன் மரம். இது எந்த ஊர் மலை? நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், அதற்கே உருண்ட தலைதான். பைனும் யூகலிப்டஸும் வாட்டில் எனப்படும் சீகையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. முக்கூர்த்திப் பக்கமோ அவலாஞ்சிப் பக்கமோ போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடெல்லாம் வெறும் புல், மடிப்புகளில் மட்டும் சோலை கறுப்பாக அடைந்து கிடக்கும், தளிர் விடும் காலத்தில் அந்தக் கறுப்புக்குள் அங்கங்கே சிவப்பு தெரியும், சனவரி உறைபனியில் புல் கருகி மலை முழுக்கப் பழுப்பாகிவிடும். கோடநாட்டிலிருந்து கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தால் வேறு ஓர் உலகம். இத்தனையும் கண்ணெதிரே இருக்கும்போது எவரோ எங்கோ வரைந்த பனிமலையை நீலகிரி என்று சொல்லி விற்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளியில் இந்த மலையைக் கொண்டுவர முடியும். 92.5 வெள்ளி என்றால் நூறு கிராமில் 92.5 கிராம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மெத்தென்று வளைந்துவிடும் என்பதால் அப்படிச் சேர்க்கிறோம். மூசைக் கிண்ணத்தில் உருக்கி வார்த்த கட்டியைத் தகடாக அடிப்போம், அடிக்க அடிக்க அது விறைத்துக்கொள்ளும், மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி இளக்கி மறுபடி அடிப்போம். பின்பக்கத்திலிருந்து தட்டி மேட்டை எழுப்பி, முன்பக்கத்தில் உளியால் மடிப்பை இறக்குவோம். துண்டுகளை ஒட்ட வெங்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்துத் தீயை ஊதும்போது ஒரு நொடி கூடிப்போனால் புல்லாக வைக்கும் மெல்லிய கம்பிகள் உருகி உருண்டையாகிவிடும். கடைசியாகக் கந்தகம் கலந்த நீரில் முக்கினால் முழுவதும் கறுக்கும். அப்புறம் மேட்டை மட்டும் தேய்த்து வெளுப்போம், கறுப்பு மடிப்புகளிலேயே நின்றுவிடும். புல்மேடும் சோலையும் அப்படியே வந்துவிடும்! சமையலில் போடும் கல்பாசியின் சுருளும் வரையாட்டுக் கொம்பின் வரியும்கூடத் தகட்டில் நன்றாக வருகின்றன.

வார்ப்பு நகையைக் குறை சொல்ல வரவில்லை. மெழுகு அச்சில் வார்ப்பது பழைய தொழில்தான், ஒரே மாதிரி நூறு உருப்படி வேண்டுமென்றால் அதுதான் வழி, விலையும் குறையும். அதை வார்ப்பு என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

"மலைவாசி வெள்ளி" என்ற பெயரையும் தயவுசெய்து இஷ்டத்துக்குப் போடாதீர்கள். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இரும்பும் பொன்னும் வெள்ளியும் வேலை செய்தவர்கள் கோத்தர் பழங்குடியினர். இங்குள்ள இன்னொரு பழங்குடியான தோடர்களின் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அது துணியில் அவர்கள் கையால் போடும் தையலுக்கு. அந்தக் கோலத்தை எங்கோ அச்சில் வார்த்துத் தோடர் நகை என்று விற்றால், தையல் போடும் தோடர் பெண்களுக்கு ஒரு ரூபாய் போகிறதா? பிசினுக்குள் நிஜப் பாசியும் பூவும் அடைத்த டாலர்களும் வேண்டாம். காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் எதைப் பறித்தாலும் குற்றம். அடுத்து 2030இல் பெரிய அளவில் பூக்கவேண்டிய நீலக்குறிஞ்சியோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது.

சுத்தத்தைக் காட்ட இப்போது வழி சுலபம். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும், ஒவ்வொரு நகைக்கும் தனியான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி எண்ணோடு, சுத்தத்துக்கான ஹால்மார்க் முத்திரை போடுகிறார்கள். தங்கம் மாதிரிக் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். வாங்குகிறவர் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணைப் போட்டால் விவரம் வந்துவிடும். கோயம்புத்தூரில் ஹால்மார்க் மையங்கள் இருக்கின்றன, சரக்கு எடுக்க எப்படியும் கீழே இறங்குகிறீர்கள், அப்போதே போட்டுக்கொண்டு வரலாம்.

மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்குள் அட்டையை வையுங்கள். கைவேலை எது, வார்ப்பு எது என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் என்னையோ இங்குள்ள வேறு எந்த ஆசாரியையோ கூப்பிடுங்கள். கடைக்கே வந்து பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் கூலி வேண்டாம்.